சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வேளை

என் கணவர்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அவர் உடம்பு தேறத் தொடங்கியபோதுதான். கேட்டால் சிரிப்பீர்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிற மனுஷன் முனகாமல் மாடியேறினால் பெண்டாட்டி சந்தோஷப்பட வேண்டாமா? நான் கீழேயே நின்று, இவருக்கு எங்கிருந்து வந்தது இந்தத் தெம்பு என்று யோசித்தேன்.

நான் சட்டைக் கம்பெனியில் செக்கர். தையல் விட்டிருக்கிறதா, பட்டன் ஆடுகிறதா, காலர் கோணியிருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பது என் வேலை. குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டுக்கு வந்தபிறகும் இந்தப் பாழாய்ப்போன கண் ஓயாது.

அவர் லிப்ட் மெக்கானிக். மழை விட்டுக் குளிர் தொடங்கும் சமயத்தில் வருடா வருடம் அவருக்கு மூட்டும் நெஞ்சும் சேர்ந்து மக்கர் பண்ணும். ஈரம் கோத்த லிப்ட் குழிக்குள் இறங்கி நின்று வேலை பார்க்கிறவருக்கு வேறென்ன வரும்? இந்த வருடம் நான்தான் பிடிவாதமாக ஆயுர்வேத வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

வைத்தியர் நாடி பார்த்தார். பசி, தூக்கம் எல்லாம் கேட்டார். அப்புறம், "குடி, சிகரெட் ஏதாவது உண்டா?" என்றார். இவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"அய்யய்யோ, அந்தப் பழக்கமெல்லாம் எங்க வீட்ல கிடையவே கிடையாதுங்க."

கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் பக்கத்துத் தெருக்காரி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேறு எப்படிச் சொல்வேன்? தவிரவும், அவர் குடியை விட்டு இரண்டே முக்கால் வருடம் ஆகியிருந்தது. விட்டதை இல்லை என்பது பொய்யா என்ன? அதற்குமுன் குடித்துவிட்டு ஏணியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டில் நாலு மாதம் இருந்தேன். திரும்பி வந்த அன்று வாசலில் நின்றே சொன்னேன்: "இன்னொரு தடவை வாசனை வந்தா நானும் பொண்ணும் போயிடுவோம். திரும்பி வரமாட்டோம்." அவருக்குத் தெரியும், நான் செய்கிறவள் என்று.

வைத்தியர் அன்று பொறுமையாக விளக்கினார். ஒரு பருவம் போய் இன்னொன்று வரும் அந்த இரண்டு வாரம்தான் உடம்புக்குச் சோதனையாம். பழைய பழக்கத்தைச் சிறிது சிறிதாக விட்டு, புதியதைச் சிறிது சிறிதாகப் பிடிக்க வேண்டுமாம். குளிர்ந்த தண்ணீர் கூடாது, நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிக்க வேண்டும், காலை ஆறு மணிக்கு யோகா வகுப்பு. கடைசியில் ஒரு பெரிய பாட்டில் அரிஷ்டம் எடுத்து வைத்தார். அளவு மூடியில் ஒரு மூடி, அதே அளவு வெந்நீர், சாப்பாட்டுக்குப் பின் இரண்டு வேளை. நானே என் கையால் கொடுப்பது என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரு வாரத்தில் இருமல் குறைந்தது. முகத்தில் ஒரு தெளிச்சி. எனக்கு மூக்கில் வேர்த்தது.

மருந்தை நீட்டினால் மறுபேச்சு பேசாமல் வாங்கி வாயில் ஊற்றிக்கொள்வார். உடனே விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போய்விடுவார். குழாய் வெகுநேரம் ஓடும். வரும்போது கிராம்பு மென்றுகொண்டு வருவார். கிராம்பு! பழைய நாளில் முதலில் கிராம்பு வாசனை வரும், பின்னாலேயே இவர் வருவார்.

"எதுக்கு இப்போ கிராம்பு?"

"கசக்குது."

அவ்வளவுதான் பதில். 

பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நான் ஊற்றிக் கொடுத்த கணக்குக்கு மேல் ஒரு சொட்டும் குறையவில்லை. அப்படியென்றால் வேறு பாட்டில் இருக்கிறது. டூல்ஸ் பையைக் கவிழ்த்தேன். வண்டிப் பெட்டியைத் துழாவினேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பல்லியைத் தொட்டு அலறினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காவிட்டால் நிம்மதி வரவேண்டும்தானே? எனக்கு வந்ததோ, இவ்வளவு சாமர்த்தியமாக ஒளித்து வைத்திருக்கிறாரே என்ற ஆத்திரம்.

கம்பெனியில் பட்டனுக்குத் துளை போடும் காஜா மெஷின் ஓட்டுகிற அக்காவை எல்லாரும் காஜாக்கா என்போம். அவளிடம்தான் புலம்பினேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அடிப்பாவி, அரிஷ்டம்னா புளிக்க வச்சு எடுக்கிறதுடி. அதுலயே கொஞ்சம் போதைச் சரக்கு ஊறும். என் மச்சான் சளி சளின்னு சொல்லியே மூணு பாட்டில் காலி பண்ணினார். குடியை விட்டவனுக்கா அதைக் குடுக்கிறே?"

வீட்டுக்குப் போனதும் மூடியைத் திறந்து முகர்ந்தேன். வெல்லமும் மூலிகையும் கலந்த நெடி. அதற்கடியில் அதேதான், எனக்குத் தெரிந்த அந்த வாசனை. இத்தனை நாள் மருந்து வாசனை என்று நினைத்திருந்தேன். உடனே என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? நான் தெரியாமல் கொடுத்துவிட்டேனே என்றா? அதுதான் இல்லை. அதனால்தான் துரை இவ்வளவு ஆசையாக வாங்கிக்கொள்கிறார் என்று போயிற்று. நாக்கில் பட்டது, ருசி கண்டுவிட்டார், மிச்சத்தை வெளியில் எங்கோ ஊற்றிக்கொள்கிறார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் மறுவேலை. அன்றைக்கு இரவு மருந்தையும் வேண்டுமென்றே வாய் பேசாமல் நீட்டினேன். வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அவர் கிளம்பிய ஐந்தாவது நிமிடம் நானும் கிளம்பினேன். டயர்க் கடைக்கு மேல் மாடியில் யோகா வகுப்பு. ஜன்னல் வழியே பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். இவர் கண்ணை மூடி, ஒரு பக்க மூக்கை விரலால் அடைத்து, மறுபக்கம் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி ஒரு முகம்.

வகுப்பு முடிந்து எல்லாரும் போனார்கள். இவர் மட்டும் போகவில்லை. யோகா டீச்சர் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு டம்ளரைக் கொண்டுவந்து கொடுத்தாள். இவர் வாங்கி மடமடவென்று குடித்தார். எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. உள்ளே பாய்ந்து டம்ளரைப் பிடுங்கி முகர்ந்தேன்.

வெந்நீர். வெறும் வெந்நீர்.

"அடியேய், நீ எங்கே இங்கே?" என்றார் இவர். முகம் வெளுத்துப்போயிருந்தது.

நான் அவரை விட்டுவிட்டு டீச்சர்மேல் பாய்ந்தேன். "தனியா நிறுத்தி வச்சு என்ன குடுக்கறீங்க? என்ன நடக்குது இங்கே?"

அந்தப் பெண்மணி கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உங்க வீட்டுக்காரர் சேர்ந்த ரெண்டாவது நாளே எங்கிட்ட சொல்லிட்டாரும்மா. அந்த மருந்து நாக்குல பட்டதும் பழைய ஆசை கிளம்புதுன்னு. வீட்ல குடுக்கிறதை அப்படியே கொண்டுபோய்த் துப்பிடறார். வைத்தியர்கிட்ட உண்மையைச் சொல்லி மருந்தை மாத்திக்குங்கன்னு தினமும் சொல்றேன். வீட்ல தெரிஞ்சா வம்புன்னு இழுக்கறார். மூச்சுப் பயிற்சி பண்ணினா அந்த நேரத்துக்கு மனசு கொஞ்சம் அடங்குது. அதனாலதான் எல்லாரும் போனப்புறம் கூடக் கால்மணி நேரம் இருந்து பண்றார்."

சொல்லிவிட்டு அவள் பாய்களைச் சுருட்டப் போய்விட்டாள். நான் டம்ளரும் கையுமாக நின்றேன். ஆக, ஒரு சொட்டு மருந்து உள்ளே போகாமலேயே எண்ணெயும் வெந்நீரும் மூச்சும்தான் இவரைத் தேற்றியிருக்கின்றன. ஊர்பேர் தெரியாத பொம்பளைக்கு இரண்டாவது நாளே தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை. வேளை தவறாமல் அந்தச் சனியனை அவர் வாய்க்கு நேரே நீட்டியவள் நான்.

மாடிப்படியில் இறங்கும்போது கேட்டேன். "எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் பாதிப்படியில் நின்றார். "என்னன்னு சொல்லச் சொல்றே? மருந்து வேண்டாம்னா ஏன்னு கேட்பே. ஆசை வருதுன்னு சொல்லணும். ஆசை வருதுன்னு சொன்னா, குடிச்சாச்சுன்னே முடிவு கட்டி பெட்டியைத் தூக்கிடுவே. சொல்லு, மாட்டியா?"

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் தூக்கியிருப்பேன். கொஞ்சமும் யோசித்திருக்க மாட்டேன்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார். கீழே டயர்க் கடைக்காரன் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்தார். "நேத்து ராத்திரி துப்பலை. முழுங்கிட்டேன்."

நேற்று ராத்திரி. வாசனை தெரிந்தே, வாய் பேசாமல் நான் நீட்டிய அந்த மூடி.

வசவெல்லாம் என் வாய்வரைக்கும் வந்துவிட்டது, இரண்டே முக்கால் வருடத்துக்கும் சேர்த்து. மகள், அக்கா வீடு, ஒடிந்த கை, எல்லாம். அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடி வாங்கத் தயாரானவர் மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மறைத்திருந்தால் எனக்கு இது ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது. அது மட்டும்தான் அப்போது என் புத்தியில் பட்டது.

"தெரிஞ்சேதான் குடுத்தேன்," என்றேன். "நேத்து எனக்குத் தெரியும், அதுல என்ன இருக்குன்னு. உங்களைப் பிடிக்கணும்னு குடுத்தேன்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனிமேல் உங்களை நம்புவேன் என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அப்படிச் சொன்னால் அது பச்சைப் பொய். என் கண் அப்படி, என் புத்தி அப்படி.

"நான் கத்துவேன்," என்றேன். "ஆசை வருதுன்னு நீங்க சொன்னா தெருவே கேட்கிற மாதிரி கத்துவேன். என்னால வேற மாதிரி இருக்க முடியாது. கத்தினாலும் சொல்லுங்க. நான் எங்கேயும் போகமாட்டேன்."