கிளடிஸுக்குக் கிடைத்த இரண்டு கல்லூரிகள்

1

இந்தக் கதை என் கடைவாய்ப் பல்லில் தொடங்கியது என்று ஒப்புக்கொள்கிறேன். கனடாவில், ஸ்காபரோவில் பல் வைத்தியம் பார்க்கும் கிளடிஸ், எனக்கு றூட் கனால் செய்துகொண்டே இதைச் சொன்னார். என் வாய் பிளந்து கிடந்ததால் குறுக்குக் கேள்வி ஒன்றும் கேட்க முடியவில்லை. விட்டுப்போன இடங்களை நானே அடைத்திருக்கிறேன். (இனிமேல் கதையில் அவர் 'அவள்'. அந்த நாற்காலியில் படுத்திருக்கும்போது அப்படி நினைக்கக்கூட எனக்குத் துணிவு வராது.)

2

முதல் தொடக்கம்: "வன்னியில் போர் முடிந்த அந்த வருடக் குளிர்காலத்தில், ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியின் யன்னலருகே ஒரு பெண் கண்ணீரோடு—"

வேண்டாம். கிளடிஸ் அழவில்லை. குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அது வேறு.

இரண்டாவது தொடக்கம்: ஒரே கிழமையில் இரண்டு பல் வைத்தியக் கல்லூரிகள் கிளடிஸுக்கு இடம் கொடுத்தன. ஒன்று ரொறன்ரோவில், பாதாள ரயிலில் போய் வரலாம். மற்றது லண்டனில். (இங்கிலாந்து லண்டன் அல்ல, ஒன்ராறியோவில் இருக்கிற லண்டன். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழும்பலாம்.)

யாழ்ப்பாணத்தில் பல் வைத்தியராக இருந்தவள் அவள். அந்தப் பட்டம் இங்கே செல்லாததால், கனடா வந்து இத்தனை வருடமாக இன்னொருவருடைய கிளினிக்கில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இலங்கையில் அவள் படித்த காலத்தில் பல் வைத்தியம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகம். வேறு இடம் இல்லை. எந்தக் கல்லூரி என்ற கேள்வியே எழவில்லை. நாற்பது தாண்டிய பிறகு முதல்முறையாக அவளுக்கு முன்னால் இரண்டு இருந்தன.

3

இங்கே ஒரு சிக்கல். போர் முடிந்த வைகாசி மாதத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் சந்தோசப்படவில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக்கூடக் கேக் வெட்டவில்லை. கிளடிஸின் தங்கை றெஜினா வவுனியா அகதி முகாமில் அடைபட்டிருந்தாள்; மாதக்கணக்காக அவளுடைய குரலைக் கேட்கவில்லை. அப்படியிருக்க, கல்லூரியில் இடம் கிடைத்ததென்று எப்படித் துள்ளுவது?

அடுத்த கிழமை ரெலிபோன் அடித்தது. றெஜினாவை முகாமிலிருந்து விட்டுவிட்டார்கள்.

"அக்கா, எனக்குச் சரியான பல்லுக்கொதி."

அத்தனை மாதங்களுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வசனம் அது. (அந்த இடத்தில் உருக்கமாக ஒன்று எழுதிப் பார்த்தேன். அந்தப் பல்வலிக்குக் கிட்டவும் வரவில்லை.)

"எந்தப் பக்கம்?" என்று கிளடிஸ் கேட்டாள். அதற்குப் பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று பின்னேரம் கிளடிஸின் கணவர் யோசப் கேக் வாங்கிக்கொண்டு வந்தார்.

4

இனி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கிளடிஸுக்கு லண்டன்தான் ஆசை. காரணமாக, "அங்கேயுள்ள ஆய்வுகூடம் உலகத்தரம்—" என்று தொடங்கி விட்டுவிட்டேன். காரணம் ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு மேசை, உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு, "அம்மா, என்ர சொக்ஸ் எங்க?" என்று கேட்க ஆளில்லாத காலை. புருசனையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு இரண்டு வருடம் தனியே இருக்க ஆசைப்படுகிற தாயைச் சனம் என்ன சொல்லும்? அவள் வெட்கப்பட்டாள். ஆனாலும் ஆசை போகவில்லை.

கதைக்குச் சூடு வேண்டுமே என்று யோசப்பை வில்லனாக்கப் பார்த்தேன். மீசைகூட வைத்துப் பார்த்தேன். மனுசன் மசியவில்லை.

"இஞ்சாருங்கோ, நான் லண்டனுக்குப் போனால்..." என்று கிளடிஸ் இழுத்தாள்.

"போமன்," என்றார் யோசப், கேக்கை வெட்டியபடி. "நாங்கள் சமாளிப்பம்."

"ரெண்டு வருசம் அப்பா," என்றாள் கிளடிஸ் கணவரிடம்.

"ஓம், தெரியும். நான் புட்டு அவிக்கப் பழகிட்டன்."

"அம்மா, ஜஸ்ற் கோ," என்றாள் மகள். "உங்கட உடுப்புக் குளோசெற்ற நான் எடுக்கட்டா?" மகனின் வாய் நிறையக் கேக்.

ஒரு கிழமையாக அடுக்கி வைத்திருந்த நியாயங்கள் ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயின. சந்தோசப்பட வேண்டிய கிளடிஸுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"நான் இல்லாட்டி உங்களுக்கு அவ்வளவு சுகமோ?"

"சுகமில்லைத்தான்," என்றார் யோசப். "எண்டாலும் நீர் லண்டன் எண்டு சொல்லேக்க உம்மட முகத்தைப் பாத்தன். எங்கட கலியாணத்தண்டுகூட அப்பிடி இருக்கேல்ல."

5

கிளடிஸ் எழுந்து போய் வாஷ்ரூம் கதவைப் பூட்டிக்கொண்டாள். வெளியே மூன்று பேரும் கதவில் காதை வைத்தார்கள். குழாயில் தண்ணீர் ஓடியது. பிறகு அவள் தனியே சிரிப்பது கேட்டது.

முடிவு ஒன்று: லண்டன். ஆசைப்பட்ட அறையில் நன்றாகத் தூங்கி எழுந்து, காலையில் முதல் வேலையாக வீட்டுக்கு ரெலிபோன் எடுத்து, சொக்ஸ் கிடைத்ததா என்று கேட்கிறாள்.

முடிவு இரண்டு: ரொறன்ரோ. போகச் சொன்னதே அவளுக்குப் போதுமாயிருக்கிறது. யோசப் வரவேற்பறையின் ஒரு மூலையை மறைத்து, பூட்டு வைத்த கதவொன்றைப் போட்டுக்கொடுத்து— (இது பொய். அந்தக் கட்டடத்தில் ஆணி அடிக்கவே விடமாட்டார்கள்.)

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். வாஷ்ரூம் கதவு திறக்கிறது. கிளடிஸ் வெளியே வருகிறாள், முகம் கழுவியிருக்கிறாள், சொல்ல வாயெடுக்கிறாள். நான் இங்கே நிறுத்துகிறேன். அடுத்த வரியை எழுதினால் ஒரு கல்லூரி அழிந்துவிடும். அவளுக்கு வாழ்க்கையில் இப்போதுதான் இரண்டு கிடைத்திருக்கின்றன; இரண்டையும் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கட்டும். உங்களுக்கு அவசரமென்றால் ஒன்றை நீங்களே அழித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கை வரவில்லை.