312-ஆம் அறைச் சூரியன்

மருத்துவமனைக்கு எதிரே இருந்த நான்கு மாடி ஹோட்டலில், லேத் பட்டறைக்காரர் ஒருவர் 312-ஆம் அறை ஜன்னலில் மஞ்சள் பெயின்டால் வரைந்த சூரியன், மறுநாள் காலையிலிருந்து சுட ஆரம்பித்தது.

அவர் அதை அழகுக்காக வரையவில்லை. இடுப்பு எலும்பு முறிந்த அவர் மனைவி, எதிர்க் கட்டடத்தில் வெயிலே எட்டிப் பார்க்காத பெண்கள் வார்டில் படுத்திருந்தாள். “காலு எப்பவும் சில்லுனு இருக்குங்க. வெயில் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு” என்று ஒருநாள் சொன்னாள். அன்று மாலையே அவர் கடைக்குப் போய்ச் சின்ன டப்பா பெயின்ட் வாங்கிவந்தார். வெளிச்சம் தெருவைத் தாண்டி நேராக அவள் கட்டிலில் விழுந்தது. மூன்று நாளில் மற்ற ஏழு கட்டில்களும் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டன. பெண்கள் ஜன்னலோரம் தலை உலர்த்தினார்கள். நர்ஸ் மருந்துச் சீட்டில் ‘வெயில், காலை ஒரு மணி நேரம்’ என்று எழுதி வைத்தாள்.

விஷயம் பரவியது. ஹோட்டலில் தங்கியிருந்த எல்லோருக்கும் எதிரே யாரோ ஒருவர் படுத்திருந்தார். ஆளுக்கொரு கத்தரிக்கோலும் பிரஷுமாக உட்கார்ந்துவிட்டார்கள். 309-இல் ஒரு ஆசிரியை தன் தம்பிக்காக ஒட்டிய காகிதக் கிளிகள் ஜன்னல் சட்டத்தைக் கொத்தித் தின்றன. 205-இல் ஒருவர் அப்பாவுக்காக வரைந்த மேகம் பொழிந்ததில், கீழே வரவேற்பறைக் கூரை இரண்டு நாள் ஒழுகியது. மேனேஜர் ஜன்னல்களில் எதுவும் வரையவோ ஒட்டவோ கூடாதென்று அறிவிப்பு ஒட்டிவிட்டு, அறைகளைச் சுத்தம் செய்யும் அக்காவைப் பிளேடும் சோப்புத் தண்ணீருமாக அனுப்பினார். கிளிகள் சுலபமாக உரிந்து வந்தன. மேகத்தை ஒரு வாளியில் பிழிந்தெடுக்க முடிந்தது. சூரியன் மட்டும் அசையவில்லை.

“பிளேடுதான் சார் இளகுது” என்றாள் அக்கா, விரலை ஊதிக்கொண்டே.

அதைவிடப் பெரிய தொல்லை, அந்தச் சூரியன் மறையவே இல்லை. பக்கத்து அறைக்காரர்கள் ஒரு வாரம் பொட்டுத் தூக்கமில்லாமல், தலையணையோடு இறங்கிவந்து மேனேஜரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் மாடியேறிப்போய், “அண்ணே, என்ன பண்ணுவீங்களோ தெரியாது. நாளைக்குள்ள அதை அணைங்க, இல்லன்னா கண்ணாடியையே கழட்டிடுவேன்” என்றார்.

பட்டறைக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி அந்த வாரம்தான் எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தாள். பார்வையாளர் நேரத்தில் கட்டிலருகே உட்கார்ந்து, எப்படிச் சொல்வதென்று தெரியாமல் விரல்களை நெட்டி முறித்தார். சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள்.

“நானே சொல்லணும்னு இருந்தேன். இங்கயும் ஒருத்தரும் கண்ண மூடல. ஆசையா வரைஞ்சிருக்கீங்களேன்னுதான் வாயைத் திறக்கல. பகல்னா ஒரு நேரத்துல முடியணும்ல?”

அவர் திரும்பிவந்து, ஹோட்டலுக்குக் குளியல் துண்டுகள் வந்த அட்டைப் பெட்டியை மலை மாதிரி வெட்டினார். ஜன்னலில் அதைக் கீழிருந்து தள்ளத் தள்ளச் சூரியன் சிவந்து, மங்கி, மலைக்குப் பின்னால் போனது. தெருவின் இருபுறமும் ஆட்கள் கொட்டாவி விட்டார்கள். காலையில் அட்டையை இறக்கியதும் விடிந்தது. மேனேஜர் கண்ணாடியைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

ஆறாவது வாரம் அவள் ஊன்றுகோலோடு தெருவைக் கடந்து, லிப்டில் ஏறி 312-க்கு வந்தாள். சூரியனைக் கிட்டத்தில் பார்த்து, “இவ்வளவு கோணலாவா வரைஞ்சிருந்தீங்க? அங்கிருந்து பாத்தா வட்டமா இருந்துச்சே” என்றாள். ஊருக்குக் கிளம்பும்போது சூரியனை அழிக்க அவர் டர்பன்டைன் பாட்டிலை எடுத்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வார்டில் இன்னும் ஏழு பேர் இருந்தார்கள்.

அதற்கப்புறம் பதினொரு வருடங்களாக, படுக்கை விரிப்பு மாற்றுவது, சோப்பு வைப்பது போல, சூரியனை ஏற்றி இறக்குவதும் அக்காவின் வேலைகளில் ஒன்று. வார்டில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். போன மாதம் அக்கா காய்ச்சலில் லீவு போட்ட அன்று, காலை ஏழே முக்காலுக்கு எதிரேயிருந்து நர்ஸ் போன் செய்தாள். “சார், இங்க இன்னும் விடியலையே?”

“மன்னிச்சுக்கோங்க சிஸ்டர், இதோ” என்ற மேனேஜர், சாவியை எடுத்துக்கொண்டு மாடியேறினார்.