சரிஞ்ச கேக்

வேரோனிக்காவின் புது அவணில் கேக் பிழையாக வரவே வராது. அதுதான் அவளுக்கு வந்த வில்லங்கம்.

மோர்னிங்சைட் வீட்டுக்கு வந்த பிறகு வாங்கிய அவண் அது. கண்ணாடிக் கதவு, தொட்டால் ஒளிரும் இலக்கங்கள், எந்த மூலையில் வைத்தாலும் ஒரே சூடு. கேக் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டதுபோல் மட்டமாக எழும்பி வரும். வருகிற ஆட்கள் "கடையில வாங்கினதோ?" என்று கேட்பார்கள். பாராட்டுவதாக அவர்களுக்கு நினைப்பு.

ஆனால் மகன் ராகுலன் பிறம்ரனிலிருந்து போன் எடுத்து, "ஞாயிற்றுக்கிழமை ஷிவானியோட வாறன். அந்தச் சரிஞ்ச கேக்கைச் செய்து வையுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டான்.

சரிஞ்ச கேக் என்பது டோர்செட் பார்க் காலத்துச் சங்கதி. அங்கே அவர்கள் குடியிருந்த அப்பார்ட்மென்டில் குசினித் தரை பல்கனிப் பக்கமாகச் சரிவு. அவணும் அந்தப் பக்கமே சாய்ந்து நிற்கும். கட்டடத்தைப் பராமரித்த மரியோவிடம் முறையிட்டால், அவர் அவணின் ஒரு காலுக்கடியில் கடதாசி மட்டையை மடித்துச் செருகுவார், "பெர்ஃபெக்ட்" என்று பெருவிரலைக் காட்டுவார், போய்விடுவார். மட்டை நசிந்ததும் அவண் பழையபடி சாயும். எந்தக் கேக்கை வைத்தாலும் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். வருகிறவர்கள் சிரிக்கக்கூடாதே என்று வேரோனிக்கா பள்ளத்தை ஐசிங்கால் நிரப்பி மட்டமாக்குவாள். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஐசிங் எந்தப் பக்கம் தடிப்பு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். பிறந்தநாள் பாட்டு முடியும் முன்பே அந்த மாடியிலிருந்த சிறுசுகள் எல்லாம் "பள்ளம் எனக்கு, பள்ளம் எனக்கு!" என்று கத்தும். ராகுலனுடைய சத்தம்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கும்.

என்ன வீடு அது! ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாது. கேக்கை வெளியே எடுத்த பிறகு அவண் கதவைத் திறந்து வைத்து, அந்தச் சூட்டின் முன்னால் தாய், தகப்பன், மகன் மூன்று பேரும் நிலத்தில் குந்தியிருந்து தேத்தண்ணி குடிப்பார்கள். இப்போது பேஸ்மென்ட் வரைக்கும் சூடு வருகிறது. ஒட்டி இருக்கத்தான் ஆள் இல்லை. அந்தச் சாய்ந்த குசினியை நினைத்தால் வேரோனிக்காவுக்கு இன்றைக்கும் நெஞ்சு இளகிவிடும்.

அப்படி உரிமையாகக் கேக் கேட்ட மகன், தைப்பொங்கலுக்குப் பிறகு வீட்டுப் பக்கமே வராதவன். காரணம் வேரோனிக்காவின் வாய். கம்ப்யூட்டர் வேலைக்கு மதுரையிலிருந்து வந்த ஷிவானியைக் கட்டப்போகிறேன் என்று அவன் போனில் சொன்னதும், "ஏன், எங்கட ஆக்களுக்குள்ள ஒருத்தியும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டாள். தானே வீட்டை எதிர்த்துச் சைவக்காரன் இரத்தினவேலைக் கட்டிய கிறிஸ்தவ வேதக்காரி என்பது அந்த நேரம் பார்த்து அவளுக்கு மறந்துபோயிற்று.

"அம்மா, போன் ஸ்பீக்கரில கிடக்கு. ஷிவானி பக்கத்தில இருக்கிறா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தவன், சித்திரை பிறந்த பிறகுதான் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறான். இந்த ஞாயிறும் பிழையாகிப் போனால் பிள்ளை கைவிட்டுப் போய்விடுவான். வேரோனிக்காவுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆகவே கேக் சரிய வேண்டும். எப்படிச் சரிப்பது?

"அவணுக்குக் கீழ ஒரு செங்கல்லை வைச்சுப் பாப்பமே?" என்றார் இரத்தினவேல்.

"உங்கட தலைக்குக் கீழ வையுங்கோ" என்றாள் அவள்.

கடைசியில் கேக் தட்டின் ஒரு பக்கத்துக்கு அடியில் இரண்டு பெரிய கரண்டிகளைச் செருகி, சாய்வாக அவணுக்குள் வைத்தாள். நல்ல அவணுக்கு இப்படிக் கெட்ட புத்தி சொல்லிக் கொடுத்தால் அது கேட்குமா? கலவை பொங்கித் தாழ்ந்த பக்கத்தால் வழிந்து சூட்டுக் கம்பியில் கொட்டியது. குசினி புகையால் நிறைந்தது. அலாரம் ஓலமிடத் தொடங்கியது. இரத்தினவேல் துவாயால் விசிறினார், புகை இன்னும் நன்றாகப் பரவியது. சரியாக அப்போது வாசல் மணியும் அடித்தது.

ஷிவானிக்கென்று வேரோனிக்கா இரண்டு நாளாக வார்த்தைகளைப் பொறுக்கி வைத்திருந்தாள். அலாரச் சத்தத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வந்த பெண்ணோ கைப்பையைக் கீழே போட்டுவிட்டு நேரே ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தாள், அவணை நிறுத்தினாள். பிறகு ராகுலனும் அவளுமாக அதைச் சூடு தணியத் தணியத் துடைத்தார்கள்.

"நீங்க அலாரத்தைப் பாருங்க ஆன்ட்டி. நான் வேற கேக் கலந்துடறேன். பட்டர் இருக்கு, முட்டை இருக்கு... மைதா எங்க இருக்கு?"

வேரோனிக்கா கதிரையில் ஏறி நின்று அலாரத்தின் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "என்ன பிள்ளை?"

"மாவு ஆன்ட்டி, மாவு!"

"ஓ, மாவோ! உந்த வெள்ளை ரின்னுக்குள்ள கிடக்கு."

ஷிவானி அந்த வெள்ளைத் தகர டப்பாவைத் திறந்தாள். மாவு கொஞ்சம் குறுணியாக இருந்ததாம். வாசனையும் வேறு மாதிரி இருந்ததாம். ஆனால் முதல் முதலாகக் கால் வைத்த வீட்டில், அதுவும் ஏற்கெனவே தன்னை வேண்டாமென்ற மனுஷியிடம், உங்கள் மாவு என்ன இப்படி இருக்கிறது என்று யார்தான் கேட்பார்கள்?

கேக் வேகும்வரை எல்லோரும் முன்னறையில் இருந்து ஏப்ரலிலும் பனி கொட்டுவதைப் பற்றிக் கதைத்தார்கள். பேச வேண்டிய விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் கதைத்தார்கள்.

கேக் எழும்பவில்லை. ஆறவிட்டுத் தட்டைக் கவிழ்த்தபோது அது பொலபொலவென்று உதிர்ந்து மேசையில் குவிந்தது. ஷிவானியின் முகம் செத்துப்போயிற்று.

"அளவெல்லாம் சரியாத்தான் போட்டேன் ஆன்ட்டி..."

ராகுலன் சட்டென்று இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். "அம்மா, பிளீஸ். ஒண்டும் சொல்லாதேங்கோ."

பள்ளத்துக்குச் சண்டை போட்ட பிள்ளை, இன்றைக்கு அம்மாவின் வாய்க்குப் பயந்து ஒரு பெண்ணை மறைத்துக்கொண்டு நிற்கிறான். வேரோனிக்காவுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. மகனை ஒன்றும் சொல்ல முடியாது. அவன் பயந்ததில் பிழையில்லை.

அவள் உதிர்ந்த கேக்கில் ஒரு விரல்நுனி எடுத்து வாயில் போட்டாள். போட்டதும் விளங்கிவிட்டது. அவள் வீட்டில் வெறும் "மா" என்றால் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் ஆவியில் அவித்து அரித்து வைத்த கோதுமை மா. அவிக்காததற்குத்தான் "பச்சை மா" என்று தனிப் பெயர். அது மேல் தட்டில் கடைப் பையோடு இருந்தது. அவித்த மாவில் உலகத்தில் எந்தக் கேக் எழும்பும்?

இரத்தினவேலும் ஒரு பிடி எடுத்துச் சுவைத்தார். "கேக்கெண்டால் பிழைதான். பிட்டெண்டால் திறம். ஒரு வாழைப்பழம் குழைச்சால்..." மனைவியின் பார்வை பட்டதும் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

"தம்பி, நீ தள்ளு" என்றாள் வேரோனிக்கா.

ராகுலன் தள்ளவில்லை. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போய் ஷிவானியின் கையைப் பிடித்தாள். மாவும் பட்டருமாகப் பிசுபிசுத்த கை.

"பிழை உன்ர இல்லைப் பிள்ளை. நீ மாவைக் கேட்டாய், நான் அவிச்ச மாவைக் காட்டினனான். நான் சொல்லித்தான் கேக் பழுதாப்போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "போனில சொன்னதும் பிழைதான். நீ கேட்டிருப்பாய்."

"கேட்டேன் ஆன்ட்டி."

"கேட்டும் வந்தனியே!"

"இவன் அந்தக் கேக்கைப் பத்தி வாரம் ஒரு தடவையாவது சொல்லுவான் ஆன்ட்டி. சொல்லும்போதெல்லாம் முகம் சின்னப்பையன் மாதிரி ஆயிடும். அதான், ஒரு தடவை பார்த்துடலாம்னு வந்தேன்."

வேரோனிக்கா நான்கு கோப்பைகளை எடுத்து, உதிர்ந்த கேக்கை அள்ளிப் போட்டு, கிண்ணத்தில் காலையிலேயே அடித்து வைத்திருந்த ஐசிங் முழுவதையும் மேலே வழித்து ஊற்றினாள். முதல் கோப்பையை ஷிவானியிடம் நீட்டினாள்.

"இனி அன்ரி எண்டு கூப்பிடாதை. மாமி எண்டு கூப்பிடு."

ஷிவானிக்குக் கண் கலங்கிக்கொண்டே சிரிப்பும் வந்தது. "எங்க வீட்ல மாமின்னு கூப்பிட மாட்டோம். மாமியாரை அத்தைன்னுதான் சொல்லுவோம்."

வேரோனிக்கா அந்தச் சொல்லை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவளை இதுவரை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அப்ப உங்கட வீட்டில சொல்லுற மாதிரியே சொல்லு" என்றாள்.

ஷிவானி ஒரு வாய் சாப்பிட்டாள். இன்னொரு வாயும் சாப்பிட்டாள். பிறகு கோப்பையை நீட்டி, "நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் போடுங்க அத்தை" என்றாள்.

வேரோனிக்கா மேசையெல்லாம் கரண்டியைத் தேடினாள். அது அவளுடைய கையிலேயேதான் இருந்தது.