பொன்னம்மா என்று மாற்றிய பாட்டு

'பிரபஞ்சம் முழுவதும்' என்று அந்த ஒப்பந்தத்தில் போட்டிருந்தது. பாட்டின் எல்லா உரிமையும், இப்போது இருக்கிற ஊடகத்திலும் இனிமேல் கண்டுபிடிக்கப்போகிற ஊடகத்திலும், பிரபஞ்சம் முழுவதும் கம்பெனிக்கே சொந்தம். "நிலாவுலகூட கானா போடுவீங்களா சார்?" என்று கேட்டேன். எதிரில் இருந்தவர் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் அறிவுச்செல்வன். இந்தப் பெயரை வைத்ததற்காக அப்பாவைக் குறை சொல்ல முடியாது, பாவம், அவர் நம்பித்தான் வைத்தார்.

நான் கோலியனூர்க்காரன். விழுப்புரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே சின்னதாக ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். செத்துப்போனவர்களுக்குப் பாட்டுக் கட்டிப் பாடுவதுதான் தொழில். எங்கள் பக்கம் ஒருவர் போய்விட்டால் பதினாறாம் நாள் படத்திறப்பு வைப்பார்கள். அன்றைக்கு அவர் பெயர் வைத்து ஒரு பாட்டு ஒலிக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் வந்து போட்டோ தருவார்கள், பிள்ளைகள் பெயர் சொல்வார்கள், அவருக்கு என்ன பிடிக்கும் என்று சொல்வார்கள். மீதியை நான் பார்த்துக்கொள்வேன்.

சித்தார்த்தன் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவன் என் கூடப் படித்தவன், திண்டிவனத்தில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். அவன் மனைவி புனிதா பெருமுக்கல் பக்கத்துப் பெண். என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடும். நான் போனால் கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் கட்டாயம் உண்டு. மூன்று நாள் ஜுரத்தில் போய்விட்டது. முப்பத்தொரு வயசு.

சாவு அன்றைக்கு மத்தியானம் வரை சித்தார்த்தன் அழவில்லை. மரம் மாதிரி நின்றான். வந்தவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்று யாரோ மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள். மாடியில் டேங்க் நிரம்பி, தண்ணீர் கீழே தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் அவன் அப்படியே உடைந்தான். புனிதா கிடந்த ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கத்தினான்.

"டேங்கு நெறைஞ்சி வழியுது புனிதா! காதுல வுழலியா புனிதா? எழுந்து வந்து திட்டு புனிதா!"

தெருவே கதறியது. நானும் கதறினேன். ஆனால் அழும்போதே என் காது ஒன்று தனியாக அதைக் குறித்துக்கொண்டது. பாட்டுக் கட்டுகிறவனின் ஈனப்புத்தி அது, அதற்கு வேறு பெயர் கிடையாது.

படத்திறப்பில் அந்த மூன்று வரியையும் பல்லவியாக வைத்துப் பாடினேன். முடிந்ததும் சித்தார்த்தன் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றான். அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மனுஷன்.

இரண்டு மாதம் கழித்து சென்னையிலிருந்து ஓர் ஆடியோ கம்பெனிக்காரர் பேசினார். யாரோ எடுத்த வீடியோவில் பாட்டைக் கேட்டாராம். பெரிய அளவில் வெளியிடலாம், என் படமும் பெயரும் முன்னால் வரும் என்றார். பதினைந்து வருஷமாக மற்றவர்கள் பெயரையே பாடிக்கொண்டிருந்தவனுக்கு அது போதாதா? ஒரே ஒரு மாற்றம் கேட்டார். புனிதா என்றால் ஒரு வீட்டோடு நின்றுவிடுமாம், எல்லாருக்கும் பொருந்துகிற பெயராக வேண்டுமாம். பொன்னம்மா என்று மாற்றினேன். தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. அது அன்றைக்கு எனக்குச் சாமர்த்தியமாகக்கூடத் தெரிந்தது.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழி இருந்தது. இப்பாடல் வரிகள் முழுவதும் என் சொந்தப் படைப்பு, இதில் வேறு எவருக்கும் பங்கில்லை என்று. அங்கேயும் கையெழுத்துப் போட்டேன். சித்தார்த்தனிடம் சொல்லவில்லை. சொல்லலாம், சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன், அதற்குள் பாட்டே அவன் போனுக்குப் போய்விட்டது.

"நல்லா வந்துகீதுடா மச்சான். பேரு மட்டும் வேறயா கீது," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பாட்டு ஓடியது. பிய்த்துக்கொண்டு ஓடியது. போனில் சுற்றுகிற வீடியோக்களில் குழாய் ஒழுகினால் அந்தப் பாட்டு, குடித்துவிட்டு வாந்தி எடுத்தால் அந்தப் பாட்டு, மழையில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் நின்றால் அந்தப் பாட்டு. எல்லாரும் அதை வைத்துச் சிரித்தார்கள். கல்யாண வீட்டில்கூடப் பாடச் சொன்னார்கள், நானும் பாடினேன்.

புனிதா போய் ஒரு வருஷம் ஆனபோது சித்தார்த்தன் அதன் போட்டோக்களைக் கோத்து, படத்திறப்பில் நான் பாடிய பழைய பாட்டைப் பின்னால் வைத்து, யூடியூபில் ஏற்றினான். புனிதா என்று பெயர் வருகிற பாட்டு. இரண்டாம் நாளே அதை எடுத்துவிட்டார்கள். எனக்குப் போன் செய்தான்.

"மச்சான், இன்னாமோ காப்பிரைட்டுன்னு வந்துகீது. இன்னொரு தபா போட்டா சேனலே பூடுமாம். என் பொண்டாட்டி போட்டோடா அது. யாரு கைல கேக்கணும்?"

"நான் பேசறேன்டா, நீ இரு," என்றேன். பேசவும் செய்தேன். மெட்டும் வரியும் ஒன்றுதான், பெயர் எதுவாக இருந்தாலும் பாட்டு எங்களுடையது என்றது கம்பெனி. நீங்களே பாடிப் போட்டாலும் எடுப்போம் சார் என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

அதற்கு மூன்று வாரம் கழித்து மறுபடி அவனிடமிருந்து போன். எடுத்தேன். பேச்சு இல்லை. வண்டிச் சத்தம், ஆட்கள் சத்தம், அதற்கு மேலே ஸ்பீக்கரில் என் மெட்டு துள்ளலாக வந்தது.

"டேங்கு நெறைஞ்சி வழியுது பொன்னம்மா! பெருசா ஒண்ணு வாங்கலாமா பொன்னம்மா!"

தண்ணீர் டேங்க் விளம்பரம். கம்பெனி டேங்க் தயாரிப்பவர்களுக்குப் பாட்டின் விளம்பர உரிமையைக் கொடுத்திருந்தது. திண்டிவனத்தில் ஒரு ஹார்டுவேர் கடை வாசலில் லோடு ஏற்ற நின்றவன், போனை அந்த ஸ்பீக்கர் பக்கம் தூக்கிப் பிடித்திருக்கிறான். விளம்பரம் முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் விழுப்புரம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் வக்கீல் பிரபாவதி மேடத்தைப் போய்ப் பார்த்தேன். ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இதுவரை யாரும் என்னைக் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இந்த வரிங்க நெஜமாவே உங்களுதா?"

"இல்ல மேடம். அவன் அழும்போது சொன்னது."

"அப்ப ஒரு வழி இருக்கு. அவரும் பாட்டை எழுதினவர்னு ஆகும். அவர் சம்மதம் இல்லாம நீங்க மொத்தத்தையும் எழுதிக் குடுத்தது செல்லாதுன்னு வாதாடலாம். இந்த வார்த்தைங்க என்னோடதுதான்னு அவர் ஒரு அஃபிடவிட் குடுக்கட்டும். அதை வெச்சி நோட்டீஸ் விட்டா, விளம்பரத்த நிறுத்தப் பாக்கலாம். ஜெயிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"போதும் மேடம்."

"இருங்க. நீங்க பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டீங்கன்னும் அதுல வந்துரும். கம்பெனி உங்க மேல திரும்பும். அப்புறம் எவனும் உங்க பாட்டை வாங்க மாட்டான்."

"திரும்பட்டும் மேடம்," என்றேன். அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு என்னையே கொஞ்சம் பிடித்தது.

அஃபிடவிட்டைத் தமிழில் அடித்து வாங்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்ற நேரம் முழுக்க, அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்றே யோசித்தேன். காலில் விழலாம் என்றுகூட நினைத்தேன்.

அவன் என்னை விழவிடவில்லை. வாடா என்றான், நாற்காலி போட்டான், டீ வைத்துக் கொடுத்தான். சுவரில் புனிதா படத்துக்குப் புது மாலை போட்டிருந்தான். மாடியில் மோட்டார் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். உறுதிமொழியில் போட்ட பொய்க் கையெழுத்தையும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே கேட்டான். பேப்பரை வாங்கி, விரல் வைத்து, மெதுவாகப் படித்தான்.

"இதுல கையெழுத்து போட்டா அந்த வெளம்பரம் நின்னுடுமா?"

"நிக்கறதுக்கு வழி கீதுடா."

பேனாவைத் திறந்தான். எனக்கு மூச்சு வந்தது. பேனா பேப்பருக்கு மேலே அப்படியே நின்றது.

"இந்த வார்த்தைங்க என்னோடதுன்னு போட்டுகீதே."

"உன்னோடதுதானே? நீதானே சொன்ன. நான் பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன்."

"டேங்கு நெறைஞ்சி வழியுது, காதுல வுழலியான்னு எட்டு வருஷமா எந்நேரமும் கத்தினது அவ. மோட்டார போட்டுட்டு செல்போன நோண்டிகினு இருப்பேன். சமையல் ரூம்லேர்ந்து கத்துவா. அன்னிக்கி அவ சொல்றதத்தான் நான் அவளுக்கே சொன்னேன்." பேனாவை மூடினான். "என்னோடதுன்னு நான் எப்டிடா போடறது? நீ போட்ட மாதிரி போடச் சொல்றியா?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டான்.

"அவளோடதுன்னு மாத்தி எழுதிக்கினு வர்றேன்," என்றேன்.

"எழுது. ஆனா அவளதான் இட்டாந்து கையெழுத்து வாங்கணும்."

பேப்பரை மடித்து என் சட்டைப் பையில் அவனே வைத்தான். அந்த நேரம் பார்த்து மேலே டேங்க் நிரம்பிவிட்டது. தண்ணீர் தகரத்தில் கொட்டியது. நான் சட்டென்று எழுந்தேன்.

"உக்காரு மச்சான். கொஞ்சம் வழியட்டும்."

உட்கார்ந்தேன். அவன் புனிதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவ போனதுக்கப்புறம் வேணும்னேதான் வுட்ருவேன். பக்கத்து வூட்டு அம்சாக்கா வந்து சண்டைக்கி நிப்பாங்க, தண்ணிய வீணாக்கறியேன்னு. அவங்களுக்கு இன்னா தெரியும்? தகரத்துல தண்ணி வுழற சத்தம் கேட்டா, அவ கொரலு வந்துரும். இங்கயே நின்னுகினு திட்ற மாதிரி அப்டியே கேக்கும். ஒரு வருஷம் அத கேட்டுக்கினுதான் உயிரோட இருந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இப்ப வர மாட்டேங்குதுடா. எவ்ளோ நேரம் வுட்டாலும் உன் கொரலுதான் வருது. பொன்னம்மா, பொன்னம்மான்னு."

அண்ணே என்று கூப்பிட்ட அந்தக் குரலை நானும் நினைத்துப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. இதை யாரிடமிருந்து திரும்ப வாங்குவது, எந்தக் கோர்ட்டில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிச்சிடுடா என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. எழுந்து போய் மோட்டார் சுவிட்சை அணைத்தேன். தண்ணீர் நிற்க இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தது என் பாட்டைத்தான்.