கயிறு கட்டி நிறுத்திய வெள்ளிமலை ஜீப்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து எனக்குக் கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ்ஸைக் கோட்டை விட்டுவிட்டு வெயிலில் வெந்துகொண்டிருந்தேன். ஒரு ஜீப்காரர், “ரெண்டே ஆளு பாக்கி சார், ஏறுங்க, ஒடனே கெளம்புது” என்றார். ஏறிப் பார்த்தால் உள்ளே நான் மட்டும்தான்! மலை ஜீப்காரர்கள் அத்தனை பேரும் சொல்லும் பொய் இது. ஆள் நிரம்பாமல் வண்டி நகராது.

காத்திருந்த நேரத்தில் அவரும் பக்கத்து ஜீப்காரரும் பேசியதை ஒட்டுக்கேட்டேன். சென்னையில் நடந்த கார் கண்காட்சிக்கு இந்த மலையிலிருந்து ஒரு ஜீப் போனதாம். ஓட்டிப்போனது ஒரு பெண்ணாம். அதற்குள் வண்டி நிரம்பிவிட்டது, பேச்சு நின்றுவிட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு. பிடிக்காதவர்கள் இப்போதே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் தொடக்கம்: “மஞ்சு தவழும் கல்வராயன் மலையின் மடியில்...”

வேண்டாம். மலை என்று எழுதினாலே கை தானாக மஞ்சைத் தவழ விடுகிறது. சீ.

இரண்டாம் தொடக்கம்: “சந்தோஷ் தன் ஜீப்பைக் காதலியைப் போல...”

இதுவும் வேண்டாம். இந்தச் சந்தோஷை இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மீசையை முறுக்கினானே தவிர ஒரு வேலையும் செய்யவில்லை. ஒட்டுக்கேட்டது பெண்ணைப் பற்றி, எழுதுவது ஆணைப் பற்றியா என்று என் மனசாட்சியும் குத்தியது. அடித்துவிட்டேன். (சந்தோஷின் ரசிகர்கள் மன்னிக்கவும்.)

3

கோகிலவாணி வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே ஷேர் ஜீப் ஓட்டுகிறவள். வண்டி அப்பா விட்டுப்போனது. அவளுக்கும் அண்ணன் இளமாறனுக்கும் பொது.

இளமாறனுக்குப் புது மாடல் பைத்தியம். வெளிவராத வண்டியைக் கோடுகோடாய் ஸ்டிக்கர் ஒட்டி மூடி எங்கேயோ ஓட்டிப் பார்ப்பார்கள். அதை எவனோ மரத்துக்குப் பின்னால் ஒளிந்து படம் பிடித்துப் போடுவான். இவன் டவர் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று அதை மறுபடி மறுபடி பார்ப்பான்.

“பாப்பா, புது மாடல் வருது. சன்ரூப் இருக்குதாம். சுத்தியும் கேமரா. இந்த டப்பாவ எக்ஸ்சேஞ்சுல தள்ளிட்டு அத எடுத்துடலாம்.”

“சன்ரூப்பு இன்னாத்துக்குண்ணா? நம்ம சனம் மூட்ட போடுற எடத்துல ஓட்டையப் போட்டு வெச்சிருக்கானா?”

“உனுக்கு ஒரு மண்ணும் தெரியாது.”

தெரியாதவளா அவள்? கள்ளக்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் ஜுல்பிகரோடு மல்லுக்கட்டி அந்த ஜீப்பை அவள் மாற்றியிருந்தது எனக்கே இப்போதுதான் தெரிகிறது. பின்கதவைத் திறந்தால் அடியிலிருந்து ஒரு படி தரையை ஒட்டி நீண்டு வரும், முட்டிவலிக்காரர்கள் ஏற. பெஞ்சை மடக்கிச் சுவரோடு மாட்டினால் மரவள்ளி மூட்டைகளுக்கு இடம். மடக்கிய பெஞ்சுக்கு மேலே கொக்கிகளில் ஒரு தொட்டில், பிள்ளைத்தாச்சிகள் படுத்து வர. வளைவில் வண்டி சாய்ந்தாலும் தொட்டில் சாயாது. முந்திய மழைக்காலத்தில் வலி எடுத்த ஒருத்தி கொண்டை ஊசி வளைவுகளில் புரண்டு புரண்டு அலறியதைக் கேட்டுக்கொண்டே ஓட்டிய பிறகு, கோகிலவாணியே யோசித்துச் செய்தது அது.

எந்தப் புது மாடலில் இது இருக்கிறது? வண்டி போனால் தொட்டிலும் போகும்.

ஜுல்பிகர் ஒரு வேலை செய்தார். தொட்டிலை வீடியோ எடுத்து அந்தச் சென்னைக் கண்காட்சிக்கு அனுப்பிவைத்தார். ஆட்கள் தாங்களே மாற்றிச் செய்த வண்டிகளுக்கு அங்கே தனிப் பிரிவு, பார்க்க வருகிறவர்கள் செல்போனில் ஓட்டுப் போட்டால் ஒரு வண்டிக்குக் கோப்பை. வரச் சொல்லிப் பதில் வந்துவிட்டது.

“பாய், இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க? அங்கல்லாம் பளபளன்னு கொண்டாருவாங்க.”

“நீ போம்மா. தொடச்சிட்டுப் போ, போதும்.”

அண்ணனிடம் பேசிவிட்டாள். “கப்பு வந்தா வண்டி என்னுது. வரலன்னா நீ அத எங்க தள்ளுனாலும் வாயத் தொறக்க மாட்டேன்.”

“ஆங், பாக்கலாம். எனுக்கும் அங்க புது மாடல் தொறக்குறத நேர்ல பாத்தா மாதிரி ஆச்சு” என்றான் அவன்.

4

(இங்கே கொஞ்சம் கட்டுரை. அவசரப்படுகிறவர்கள் தாண்டிப் போகலாம்.)

கார் பிரியர்களைக் கேலி செய்து ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கண்காட்சிக்கு முன்பு அவர்கள் போடும் ஆசைப் பட்டியல் இருக்கிறதே, அப்பப்பா! தரையை உரசும் உயரம் வேண்டும், சக்கரம் குடை அளவு வேண்டும், கதவு மேலே திறக்க வேண்டும், சைலன்சர் ஊரைக் கூட்ட வேண்டும். பிறகு யோசித்தேன். ஒரு கதையின் முதல் வரியிலேயே நானும் இப்படித்தானே எதிர்பார்க்கிறேன்? திரை விலகாதா, உள்ளே இதுவரை பார்க்காதது ஒன்று இருக்காதா என்று. கேலியைக் கிழித்துப் போட்டேன். அவர்கள் நம் ஆட்கள்தான்.*

* ஆனாலும் அந்தச் சைலன்சரை மன்னிக்க முடியாது.

5

சிவப்புக் கம்பளத்தில் ஜீப்பை நிறுத்திச் சுற்றிலும் கயிறு கட்டினார்கள். “தொடாதீர்கள்” என்று பலகை வைத்தார்கள். இடப்பக்கம் ஊதா வெளிச்சம் ஒழுகும் ஒரு கார். வலப்பக்கம் கதவுகள் மேலே திறக்கும் ஒரு கார். இரண்டையும் கூட்டம் மொய்த்தது. ஜீப்பைப் பார்த்தவர்கள், “பழைய வண்டியா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். படியும் தொட்டிலும் மூடிய கதவுக்குப் பின்னால் யாருக்குத் தெரியும்?

கோகிலவாணிக்கு அழுகை முட்டியது. இளமாறன் காலையிலேயே புது மாடல் மேடைக்கு முன்வரிசையில் இடம் பிடிக்கப் போய்விட்டான். திரும்பும்போது வண்டி தனக்கில்லை என்று அவள் முடிவே கட்டிவிட்டாள்.

(இந்த இடத்தில் நானும் சிக்கிக்கொண்டேன். நடுவர் ஒருவரை அனுப்பித் தொட்டிலைக் கண்டுபிடிக்க வைக்கலாமா என்று பார்த்தேன். வரி வரவில்லை. டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அவளே வேலையைக் காட்டியிருக்கிறாள்.)

மாலை, புது மாடலின் திரை விலகும் நேரம். அதைப் பார்க்கத் திரண்ட கூட்டம் ஜீப்பைச் சுற்றி நெருக்கியது. கையில் பையும் குழந்தையுமாக, எங்கே போவதென்று தெரியாமல் அலைமோதும் சனம். ஜீப்காரியின் கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? ஜீப்புக்குக் காத்திருக்கும் சனமாகத்தான்! அவள் யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

“வெள்ளிமலே, வெள்ளிமலே, வெள்ளிமலே! ஏறு ஏறு ஏறு! ரெண்டே ஆளு பாக்கி, ஒடனே கெளம்புது!”

கை பின்கதவைத் திறந்தே விட்டது. படி சரசரவென்று நீண்டது.

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கோகிலவாணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஐயோ, மானம் போச்சே!

“அட, படி வருதே!” என்றார் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு அம்மாள். கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்து, ராணி மாதிரி ஏறி உட்கார்ந்தார். பின்னாலேயே பிள்ளைகள், கல்லூரிப் பையன்கள், ஊதா வெளிச்சக் காரின் சொந்தக்காரன்கூட. காலையிலிருந்து தொடாதே, தொடாதே என்று கேட்டுக் கேட்டுச் சலித்த சனம்! ஜீப் நிரம்பி வழிந்தது.

காவலாள் ஓடிவந்தான். “மேடம், யாரும் ஏறக்கூடாது!”

“நீயும் ஏறு தம்பி. கால் கடுக்க நின்னுக்கினே கீற. முன்னாடி எடம் கீது.”

அவன் பலகையைப் பார்த்தான், சீட்டைப் பார்த்தான். உட்கார்ந்துவிட்டான்.

“இது இன்னாங்க, தொட்டிலா?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல். அவள் சொன்னாள். மழையைச் சொன்னாள், வளைவுகளைச் சொன்னாள், அந்தப் பெண்ணின் அலறலைச் சொன்னாள். சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன.

6

மைக்கில் கூப்பிடப் போகிறார்கள். முடிவு எழுத வேண்டும்.

முடிவு அ: கோப்பை அவளுக்கே. (எனக்கும் ஆசைதான். ஆனால் ஊதா வெளிச்சத்துக்கும் ஓட்டு குவிகிறது.)

முடிவு ஆ: கோப்பை வேறொருவருக்கு. அவள் சாவியை அண்ணன் கையில்... (எழுத மாட்டேன். கை வரவில்லை.)

முடிவு இ தேடிக்கொண்டிருந்தபோது பின்கதவுப் பக்கம் ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் இளமாறன்! முன்வரிசையை எப்போது விட்டு வந்தான் என்று எழுதுகிற எனக்கே தெரியாது. தொட்டிலின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

“இத பாருங்க சார், வண்டி சாஞ்சாலும் இது சாயாது. எங்க தங்கச்சி யோசன. எந்த கம்பெனிக்காரன் வெப்பான் இத?”

அவன் முதுகுக்குப் பின்னால் இசை அதிர்ந்தது. திரை விலகியது. பாறைமேல் நின்று அவன் ஏங்கிய புது மாடல் சன்ரூப்போடு ஜொலித்தது. எல்லாரும் ஓவென்று கூவினார்கள். இளமாறன் எரிச்சலோடு கையை மட்டும் பின்னால் ஆட்டினான்.

“தே, கொஞ்சம் சும்மா இருங்கய்யா! பேசிக்கினு இருக்கேன்ல?”

அவன் திரும்பவே இல்லை. வண்டி நிரம்பியதும் பழக்கத்தில் டிரைவர் சீட்டில் ஏறிவிட்டிருந்த கோகிலவாணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவனையே பார்த்தாள். கண்ணில் பொலபொலவென்று வந்தது, துடைக்கவில்லை.

மைக் கரகரத்தது. “மாற்றி வடிவமைத்த வண்டிகளில், இந்த ஆண்டுக் கோப்பையைப் பெறுவது...”

“பாப்பா!” இளமாறன் கூட்டத்தின் தலைக்கு மேல் எக்கிக் கத்தினான். “கப்பு எவனுக்கோ போவட்டும். வண்டி உன்னுது!”

ஜீப்புக்குள் அத்தனை பேரும் விசிலடித்துத் தகரத்தைத் தட்டினார்கள். காவலாள்தான் அதிகம். அந்தச் சத்தத்தில் மேடையில் சொன்ன பெயர் கோகிலவாணிக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. உங்களில் யார் காதிலாவது விழுந்திருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் போய்க் கேட்டுப் பார்த்தேன். “எந்த கப்பு?” என்றாள்.