சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட ஜெபம்

1

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரி ரோசி அடுப்படி வாசலில். ஜெபம் நடத்தும் உபதேசியார் ரிஜின் அங்கிருந்த ஒரே நாற்காலியில். ரோசியின் தம்பி வினோ கட்டில் விளிம்பில். நான் பாயில், மடியில் பரீட்சை அட்டையோடு. வேல்முருகன் பக்கத்து வீட்டில், டிவி முன்னால். அவரும் கூட்டத்தில் இருந்ததாகவே எழுத வேண்டும். வண்டன்மேட்டில் எங்கள் எஸ்டேட் லயத்தில், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில், இரண்டு வீட்டுக்கு நடுவிலிருக்கும் சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேலே வெறும் காற்றுதான்.

கதை பிறந்தது எனக்கு வந்த ஒரு வேலையில். லயத்தில் யாருக்குக் கடிதம் வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். ரோசி வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் ஜெபக்கூட்டத்தை நிறுத்தச் சொல்லி வேல்முருகன் எஸ்டேட் ஆபீசில் பராதி, அதாவது புகார், கொடுத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் கூட்டம் கிடையாது என்றது ஆபீஸ். சர்ச்சோ மலைக்கு அந்தப் பக்கம். ஏறி இறங்க முடியாத முட்டிவலிக்காரர்களுக்கு ரோசி வீடுதான் சபை. அந்தப் பதிலை எழுதத்தான் அன்று கூடியிருந்தோம்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

"மூடுபனி படர்ந்த மலைச்சரிவில், விசுவாசத்தின் விளக்கை ஏந்திய ஒரு பெண்..." (ரோசிக்கு வாசித்துக் காட்டினேன். விளக்கு ஏந்தினால் மிளகாய் யார் அரைப்பது என்று கேட்டாள். அடித்துவிட்டேன்.)

"துன்மார்க்கனாகிய வேல்முருகன்..." (சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம். பாதியில் சுவர் நினைவுக்கு வந்தது.)

ஆள் கெட்டவராக இருந்தால் எழுதுகிறவனுக்குச் சுலபம். பராதியைத் தவிர இவர் செய்ததெல்லாம், எங்கள் முதல் பாட்டு தொடங்கியதும் மிக்சியைப் போட்டுவிடுவது. உள்ளே அரைக்க ஒன்றும் இருக்காது. இரண்டு வாரமாகத்தான் இப்படி. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பு என்று பெயர் வைத்துவிட்டோம், காரணம் எதற்கு?

3

உபதேசியார் வயதில் சின்னவர். எதிர்ப்பு வந்ததில் அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம் என்று என் சந்தேகம். பதிலே வேண்டாம், சத்துருவுக்காக ஜெபிப்போம் என்றார். வினோ, கடைசி வரியில் 'கோர்ட்' என்று ஒரு வார்த்தையைப் போட்டு வையுங்கள் என்றான். இருவருக்கும் தனித்தனித் தாள் எடுத்தேன்.

சுவருக்கு மேலிருந்து வேல்முருகனின் குரல் வந்தது.

"நீங்க ஜெபிச்சது போதும் உபதேசியாரே. ஜெபிச்சு ஜெபிச்சுத்தான் எம்மக கல்யாணமே நின்னுச்சு."

அப்புறம் நிறுத்தாமல் சொன்னார். கம்பத்திலிருந்து அவர் மகள் ஆனந்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள், கேசரித் தட்டோடு அங்கே உட்கார்ந்திருந்த நேரம். இந்தப் பக்கம் ரோசி தன் முழுப் பலத்தோடு, குடியில் கிடக்கிற வேல்முருகனைத் தூக்கிவிடும் என்று ஆண்டவரைக் கூப்பிட்டிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டாராம்.

"நான் குடிய விட்டு மாசக்கணக்காச்சு, ரோசியக்கா."

"சொல்ல வேண்டாமா தம்பி?"

"ஒங்க கூட்டத்துல வந்து எந்திரிச்சு நிக்கணுமாக்கும்?"

(இதை விளக்க வேண்டும். ஒருவருக்காக ஜெபிக்கத் தொடங்கினால், அவரே எழுந்து நின்று விடுதலை கிடைத்தது என்று சாட்சி சொல்கிறவரை விடமாட்டோம். எங்கள் வழக்கம் அது. வேல்முருகன் எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர் இல்லை. ஆகவே எங்கள் ஜெபத்தில் அவர் இன்னும் குடித்துக்கொண்டே இருந்தார்.)

4

ரோசியை என்னால் நம்ப முடியவில்லை, கதாபாத்திரமாகச் சொல்கிறேன். இந்த இடத்தில் அவள் அழுதிருந்தால் எழுதுவதற்கு வாகாக இருந்திருக்கும். அவளோ, "எம்புட்டு நாளா அந்தப் பக்கம் சட்டி உருளல. எங்காது எங்கிட்டுப் போச்சு?" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு கம்பத்து மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள்: நான் ஜெபித்தது பழைய கதை, அவர் திருந்தியதை இந்தப் பக்கத்திலிருந்து நானே அறிவேன்.

அப்படியானால் முதலில் அவர் பராதியைத் திரும்ப வாங்கட்டும், இல்லாவிட்டால் நம் தப்புக்கு நாமே எழுத்தில் சாட்சி கொடுத்த மாதிரி ஆகும் என்றார் உபதேசியார்.

"அத வாங்கிட்டு இத எழுதுனா, அதுக்குப் பேரு ஏவாரம்," என்றாள் ரோசி. "ஆபீசுக்கும் உள்ளதையே எழுதுங்கண்ணே. பேரச் சொல்லிக் கத்துனது நெசம். இனிமே பேரு வராது. ஜெபம் நிக்காது."

வினோவின் தாளையும் உபதேசியாரின் தாளையும் மடித்து வைத்துவிட்டு, ரோசி சொன்னபடி இரண்டு கடிதத்தையும் எழுதினேன்.

5

முடிவுகள்:

அ) வேல்முருகன் கண்ணீரோடு வந்து முழங்காலில்... (உபதேசியாருக்குப் பிடித்தது. வேல்முருகன் வரவில்லை. பராதியும் ஆபீசில்தான் இருக்கிறது.)

ஆ) மேனேஜர் மனம்மாறி... (மேனேஜரை நான் பார்த்ததே இல்லை.)

இ) "எனக்கு அந்த மாப்பிள்ளையப் பிடிக்கவே இல்ல" என்று ஆனந்தியின் குரல். (எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. டிவி சத்தம் குறைந்தது, அவ்வளவுதான்.)

இரண்டு வீட்டுக்கும் கேட்கும்படி கம்பத்துக் கடிதத்தை வாசித்தேன். முடித்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு செருமல்.

"திருவிழாவன்னைக்கு மட்டும் ஒருக்காக் குடிச்சேன். அதையும் போடுங்க."

வேண்டாம் என்று உபதேசியார் கையை ஆட்டினார். ரோசி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினேன்.

அந்த ஒரு வரியைப் படித்து மாப்பிள்ளையின் அம்மா கேசரித் தட்டை மறுபடி எடுப்பாரா, இன்னும் தள்ளி வைப்பாரா? அதை இங்கே உட்கார்ந்து நான் எழுத முடியாது. கம்பத்து அம்மாளாக உங்களை வைத்துக்கொண்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நான் ஒரு சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டி, கம்பம் போகும் ஜீப்பில் கொடுத்தனுப்பினேன்.