வேலாயுதத்தின் ஓய்வு நாள்

இவன் எதைக் கேட்க வந்திருக்கிறான் என்று தெரிந்தும் தெரியாதவள்போல் தேநீரை ஆற்றிக்கொண்டிருக்கிறேனே, எப்போது இப்படித் தேர்ந்தேன் என்று மங்களம் தன்னையே கேட்டுக்கொண்டாள்.

தங்கராஜு கோப்பையைத் தொடவில்லை. அவள் கணவன் வேலாயுதத்தோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், இப்போது கூலியாட்களை மேற்பார்க்கும் தண்டல். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"புதன்கிழமை கப்பல் கட்டுற புது வார்ஃப் திறக்கிறாங்க அண்ணி. தொழிலாளி குடும்பத்துல ஒருத்தர் பேசணுமாம். உங்க பேரைக் கொடுத்துட்டேன்லா."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா மட்டும் மாட்டேன்னா சொல்லப்போறீங்க?"

அவள் பேச வேண்டியது முழுக்க அந்தத் தாளில் எழுதியிருந்தது. படித்தாள். மலாயா ரப்பர் இந்தத் துறைமுகம் வழியாகத்தான் உலகத்துக்குப் போகிறது. கப்பல் வந்தால்தான் ஜூரோங் தொழிற்பேட்டையில் ஆலை வரும், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். எல்லாம் உண்மை. அவள் மகள் கமலாவே கப்பல் கம்பெனியில்தான் டைப் அடிக்கிறாள்.

கடைசி வரியில் கண் நின்றது. 'ஓய்வு நாளிலும் கப்பல் பார்க்கப் போய் விபத்தில் இறந்த என் கணவர், இந்தத் துறைமுகத்தை அவ்வளவு நேசித்தார்.'

ஐந்து வருடங்களுக்கு முன், அந்த ஓய்வு நாளில், காய்ச்சலில் கிடந்தவன் தங்கராஜு. இன்னொரு நாள் போகாவிட்டால் அவன் சீட்டுக் கிழிந்து வேலை போய்விடும் என்று அவனுடைய எண் பொறித்த பித்தளை வில்லையைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலாயுதம் போனான். கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் செய்வதுதான். பாரக் கயிறு அறுந்து மூட்டைகள் அவன்மேல் விழுந்தன. ஆள் மாறிப் போனது தெரியாமலிருக்க, துரை வருவதற்குள் கூட்டாளிகள் வில்லையைக் கழற்றிவிட்டார்கள். விசாரிக்க வந்தவரிடம், "கப்பல் பாக்கத்தான் போனாரு" என்று சொன்னவள் அவளேதான். தங்கராஜுவின் மனைவி கைக்குழந்தையோடு எதிரில் நின்றிருந்தாள்.

நல்லது செய்ததாகத்தான் அன்று நினைத்தாள். அப்பா வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தவர் என்றே கமலா வளர்ந்தாள். அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் முகத்தில் வரும் சின்ன வெட்கத்தை மங்களம் பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறாள்.

"மத்ததெல்லாம் படிக்கிறேன் தம்பி. இந்த வரியில, உங்களுக்குப் பதிலா வேலைக்குப் போனாருன்னு எழுதுங்க."

தங்கராஜு வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "என்ன அண்ணி, விளையாடறீங்களா? என் வேலை போயிடும்."

"தெரியும்."

"அன்னைக்கு நீங்களே சொன்னதுதானே? இன்னொரு வாட்டி சொன்னா என்ன?"

மங்களம் தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னைக்குச் சொன்னதே போதும் தம்பி. புதன்கிழமை நான் வரல."